நெரிசலுக்குக் கணக்கு கண்ட எர்லாங்

எந்த நொடியில் எத்தனை பேர் வருவார்கள் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால், வருவோரைத் தாங்க எத்தனை வழிகள் வேண்டும் என்று கணக்கிட இயலும். இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியவர் டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஆக்னர் கிராரப் எர்லாங் ஆவார்.

1878ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், லோன்போர்க் என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியரின் மகனாக அவர் பிறந்தார். 14 வயதிலேயே கோபன்ஹேகன் பல்கலைக்கழக முதனிலைத் தேர்வில் சிறப்புடன் தேறினார். 1901இல் பட்டம் பெற்று, ஏழாண்டுகள் பள்ளிகளில் கற்பித்தார். 1908இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியேற்றார்.

இணைப்புகள் குறைந்தால் மக்கள் பேச இயலாது; மிகுந்தால் பொருள் வீணாகும். எது அளவு? 1909இல், தற்செயலாக வரும் அழைப்புகளிலும் ஓர் ஒழுங்கு உண்டென அவர் நிறுவினார். இடமின்றித் திரும்பும் அழைப்புகள் எத்தனை, காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று கணிக்கும் சூத்திரங்களை 1917இல் வெளியிட்டார்.

அதன் பயனை நம் ஊரை வைத்தே விளக்குகிறேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு 20 தொலைபேசி இணைப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு பேச்சும் சராசரி 3 நிமிடம். நூற்றில் ஓர் அழைப்புக்கு மேல் திரும்பக்கூடாது. கடைகளுக்குப் பத்து, வீடுகளுக்குப் பத்து எனப் பிரித்தால், மணிக்கு மொத்தம் ஏறத்தாழ 178 அழைப்புகளையே ஏற்க இயலும். இருபதையும் பொதுவில் வைத்தாலோ ஏறத்தாழ 240! கம்பி ஒன்றுகூடக் கூடவில்லை. வேலி மட்டுமே நீங்கியது.

இன்றைய சர்வர் கணினியில் இரண்டு மூன்று நெட்வொர்க் இணைப்புகளைச் சேர்த்துக் கட்டுவோரும் இப்பயனையே நாடுகின்றனர். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று சுமக்கும் என்பது கூடுதல் நன்மை. ஆயினும் இங்கே ஓர் இடர் உண்டு. ஒரே கோப்பின் துண்டுகளை இரு கேபிள்களிலும் மாறி மாறி அனுப்பினால், அவை வரிசை குலைந்து சேரக்கூடும். ஆதலால், முகவரிகளைக் கொண்டு ஒவ்வொரு தொடர்பையும் ஒரே கேபிளில் செலுத்துவதே பெருவழக்கு. அதனால் தனியொரு கோப்பின் வேகம் இருமடங்கு ஆவதில்லை. பல தொடர்புகள் ஒரே கேபிளில் விழ, மற்றது சும்மா கிடப்பதும் உண்டு. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் காத்துக் கிடக்கும் மாணவருக்கு இது சிறு செய்தியன்று. கேபிளைக் கூட்டினால் மட்டும் போதாது; சுமை எவ்வாறு பகிரப்படுகிறது என்பதையும் அளந்தறிதல் வேண்டும்.

அளந்தறிவதில் எர்லாங் நமக்கு வழிகாட்டி. கோபன்ஹேகன் தெருக்களில் ஏணி வைத்து நிலத்தடிக் குழிகளில் இறங்கி, கம்பிகளைத் தாமே சோதித்தார். மணம் புரியாமல் வாழ்ந்த அவர், வறியோர்க்கு வழங்கி மகிழ்ந்தார். 1929 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். 1946இல் தொலைபேசிச் சுமையின் அலகுக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

நண்பர்களே, நெரிசலைக் கண்டு சலிப்பவர் பலர். அதனை எண்ணிப் பார்த்து வழி சொல்பவர் சிலர். அச்சிலருள் நாமும் ஒருவராவோம்!