கறுப்புத் திராட்சையும் புனித ஹூனிப்பெரோ செர்ராவும்

கோதுமை அப்பமும் திராட்சை இரசமும் இல்லாமல் திருப்பலி இல்லை. நமக்கு இரசம் பாட்டிலில் வந்துவிடுகிறது. தீர்ந்தால் இன்னொன்று வாங்குகிறோம். ஆனால் அடுத்த கப்பல் எப்போது வரும் என்று கடலைப் பார்த்துக் காத்திருந்த ஒரு குருவின் வாழ்க்கையை இன்று நாம் நினைத்துப் பார்ப்போம்.

ஸ்பெயின் நாட்டின் மயோர்க்கா தீவில், பெத்ரா என்னும் ஊரில் 1713-ஆம் ஆண்டு பிறந்தவர் மிகேல் ஹோசே செர்ரா. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது, புனித பிரான்சிஸ் அசிசியாரின் எளிய தோழரான ஹூனிப்பெரோவின் பெயரை எடுத்துக்கொண்டார். பால்மா நகரில் மெய்யியலும் இறையியலும் கற்பித்த பேராசிரியர் அவர். 1749-இல் அந்த மரியாதையை எல்லாம் விட்டுவிட்டு மெக்சிகோவுக்குக் கப்பலேறினார். வெராகுரூசிலிருந்து தலைநகருக்குக் கால்நடையாகவே சென்றார். அவ்வழியில் காலில் வந்த புண் இறுதிவரை அவரை விடவில்லை.

1769-இல், தம் 55-ஆம் வயதில், சான் தியேகோவில் கலிபோர்னியாவின் முதல் மறைத்தளத்தை நிறுவினார். மொத்தம் ஒன்பது தளங்கள். திருப்பலிக்கான இரசம் மெக்சிகோவின் சான் பிளாஸ் துறைமுகத்திலிருந்து வரவேண்டும். கப்பல் தாமதித்தால் பலிபீடம் வெறுமையாகிவிடும். இந்தப் பற்றாக்குறையைப் பற்றி அவர் தம் கடிதங்களில் வேதனையோடு எழுதியிருக்கிறார்.

செர்ராவே தம் கையால் முதல் கொடியை நட்டார் என்று பலர் சொல்வதுண்டு. அதற்குச் சான்று இல்லை. சான் ஹுவான் கபிஸ்திரானோ தளத்தில் 1779-இல் திராட்சைக் குச்சிகள் ஊன்றப்பட்டன. கொடி காய்க்க மூன்று ஆண்டுகளாவது ஆகும் என்பதால், முதல் இரசம் 1782 வாக்கில் கிடைத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அதன் பின் இரண்டு ஆண்டுகளே செர்ரா உயிரோடு இருந்தார்.

அந்தத் தளங்களில் வளர்ந்த திராட்சைக்கு மிஷன் திராட்சை என்றே பெயர் நிலைத்துவிட்டது. இது ஸ்பெயினின் லிஸ்தான் பிரியெத்தோ என்னும் கருந்தோல் இனமே என்பதை 2007-இல் மரபணு ஆய்வு காட்டியது. சிலி நாட்டில் இதற்குப் பாயிஸ் என்று பெயர். கறுப்புத் திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. சிவப்பு முழுவதும் தோலில் இருக்கிறது. தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால்தான் இரசம் சிவக்கும். இவ்வினத்தில் அந்தச் சிவப்பும் வெளிறியதே, புளிப்பும் குறைவு. ஆனால் வறட்சியைத் தாங்கும், கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். சிவப்போ வெள்ளையோ, திராட்சைக் கனியின் இயற்கையான, கெட்டுப்போகாத இரசமாக இருந்தால் போதும் என்பதுதானே திருஅவைச் சட்டம்! எனவே பலிபீடத்துக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

இனி, மறைக்கக் கூடாத ஒன்று. அந்தக் கொடிகளை வளர்த்தவர்களும் கனிகளைக் காலால் மிதித்துப் பிழிந்தவர்களும் அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள். திருமுழுக்குப் பெற்றபின் அவர்கள் விருப்பம்போல் தளத்தை விட்டுப் போக முடியவில்லை. ஓடிப்போனவர்கள் பிடித்துவரப்பட்டுச் சாட்டையடி பெற்றார்கள். வெள்ளையரோடு வந்த நோய்களால் ஏராளமானோர் மடிந்தார்கள். செர்ரா படைவீரரின் கொடுமைகளைக் கண்டித்து, 1773-இல் மெக்சிகோ நகர்வரை சென்று அரசப் பிரதிநிதியிடம் முறையிட்டார். 1775-இல் சான் தியேகோவில் தம் சகோதரத் துறவி லூயிஸ் ஹாய்மே கொல்லப்பட்டபோது, கொன்றவர்களுக்கு உயிர்ப்பிச்சை கேட்டார். இது உண்மை. சாட்டையடியை அவர் தண்டனை முறையாக ஏற்றிருந்தார் என்பதும் உண்மை. அக்கால வழக்கம் என்று சொல்லி நாம் எளிதில் கடந்துவிட முடியாது. அடிபட்டவரின் முதுகுக்கு எக்காலமும் ஒன்றுதான்.

1784 ஆகஸ்ட் 28 அன்று கார்மேல் தளத்தில் செர்ரா இறந்தார், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 2015 செப்டம்பர் 23 அன்று வாஷிங்டனில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பூர்வகுடியினர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வேறு சிலரோ அத்திருப்பலியில் பங்கேற்றனர். 2020-இல் கலிபோர்னியாவில் அவரது சிலைகள் சில வீழ்த்தப்பட்டன. மிஷன் திராட்சையோ, பின்னர் வந்த உயர்ரகங்களுக்கு இடம்விட்டு ஒதுங்கி, இன்று அங்கே சில தோட்டங்களில் மட்டும் காய்க்கிறது.