ரெசினால்ட் டென்னி

ரெசினால்ட் டென்னி (நவம்பர் 20, 1891 - சூன் 16, 1967) இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற திரைப்பட நடிகர் ஆவார். வானொலியால் இயக்கப்படும் சிறு வானூர்திகளைப் பெருமளவில் உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் அறியப்படுகிறார். இவரது இயற்பெயர் ரெசினால்ட் லீ டக்மோர்.

வாழ்க்கை

டென்னி இங்கிலாந்தின் சரே மாவட்டத்திலுள்ள ரிச்மண்டில் பிறந்தார். முதல் உலகப் போரில் பிரித்தானிய வான்படைப் பிரிவில் பணியாற்றினார். போருக்குப் பின் அமெரிக்காவில் குடியேறி, 1920களில் யுனிவர்சல் நிறுவனத்தின் ஊமைப் படங்களில் நகைச்சுவைக் கதாநாயகனாக விளங்கினார். பேசும் படங்கள் வந்தபின் பெரும்பாலும் துணை வேடங்களையே ஏற்றார். ரெபெக்கா (1940), பேட்மேன் (1966) ஆகியன இவர் நடித்த படங்களுள் சில.

மாதிரி வானூர்திகள்

பறத்தலில் கொண்ட ஆர்வத்தால் 1930களில் ஆலிவுட்டில் மாதிரி வானூர்திக் கடை ஒன்றைத் தொடங்கினார். அக்காலத்தில் தரைப்படையின் பீரங்கி வீரர்கள், ஆள் ஓட்டும் வானூர்தி கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லும் துணி இலக்கையே சுட்டுப் பழகினர். இப்பயிற்சி இழுத்துச் செல்லும் விமானிக்கு ஆபத்தானது. இலக்கும் உண்மையான பகை வானூர்தியைப் போல் வளைந்து திரும்புவதில்லை. ஆளில்லாத சிறு வானூர்தியே இக்குறையைத் தீர்க்கும் என டென்னி கருதினார். 1935இல் தமது முதல் மாதிரியை அமெரிக்கப் படையினருக்குக் காட்டினார். பொறியாளர் வால்டர் ரைட்டர் இம்முயற்சியில் துணைநின்றார். பல மாதிரிகளுக்குப் பின்னரே, 1940இல், படையின் ஒப்பந்தம் கிட்டியது.

அமைப்பு

இத்தகைய வானூர்தியில் விமானியின் கைகால்கள் செய்யும் வேலையை உடற்பகுதிக்குள் மறைந்திருக்கும் கருவிகள் செய்கின்றன. தரையிலிருந்து வரும் குறிப்பை ஏற்பி பெறுகிறது. அது வாலிலுள்ள பரப்புகளின் அசைவாக மாற்றப்படுகிறது. இணைப்புகள் வெளியே நீண்டிருந்தால் காற்றுத்தடை கூடும்.

ஓகியூ-2 என்னும் வகையில் சுக்கானும் உயர்த்தியும் மட்டுமே இயக்கப்பட்டன. இறக்கைகளில் அசையும் பரப்புகள் இல்லை. எதிரெதிர்த் திசைகளில் சுழன்ற இரு சுழலிகள், பொறியின் முறுக்கு விசையால் வானூர்தி ஒருபுறம் சாயாமல் காத்தன. இதன் இறக்கை அகலம் சுமார் 3.7 மீட்டர்; எடை சுமார் 47 கிலோகிராம்; பொறியின் திறன் 6 குதிரைவலு. கவண் பொறியால் ஏவப்பட்டது. குண்டடி படாமல் தப்பினால் வான்குடை மூலம் இறக்கப்பட்டு, மீண்டும் பயன்படுத்தப்பட்டது.

இரண்டாம் உலகப் போர்

டென்னி நிறுவிய ரேடியோபிளேன் நிறுவனம் கலிபோர்னியாவின் வான் நைசில் இயங்கியது. போர்க்காலத்தில் அது ஏறத்தாழ 15,000 இலக்கு வானூர்திகளை உருவாக்கியது. அங்குப் பணியாற்றிய நோர்மா சீன் என்ற இளம்பெண்ணைப் படைப் புகைப்படக்காரர் டேவிட் கானொவர் படமெடுத்தார். அப்படங்கள் அவரை ஒப்பனை அழகியாக்கின. பின்னர் அவர் மர்லின் மன்றோ என உலகப்புகழ் பெற்றார்.

பிற்காலம்

ரேடியோபிளேன் நிறுவனத்தை 1952இல் நார்த்ரொப் நிறுவனம் வாங்கியது. டென்னி தொடர்ந்து நடித்து வந்தார். 1967இல் தாம் பிறந்த ரிச்மண்டிலேயே காலமானார். பொழுதுபோக்காகத் தொடங்கிய இவரது பணி, பிற்கால ஆளில்லா வானூர்தித் தொழிலுக்கு அடிப்படை அமைத்தவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.