வெறிநாய்க் கடிக்கு மருந்து கண்ட மேதை

சிறுவன் லூயிக்கு அப்போது வயது 8. பிரான்சு நாட்டில், அவன் வளர்ந்த ஆர்புவா என்ற ஊருக்குள் வெறி பிடித்த ஓநாய் ஒன்று புகுந்தது. பலரைக் கடித்துக் குதறியது.

கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுட்டார்கள். அதுதான் அந்தக் காலத்து வைத்தியம்! அப்படியும் சிலர் மாண்டார்கள்.

அந்தச் சிறுவன்தான் லூயி பாஸ்டர்.

தளராத மனம்

பாஸ்டர் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழில் செய்தவர். மகன் படித்து விஞ்ஞானி ஆனார்.

3 பெண் குழந்தைகளை அவர் பறிகொடுத்தார். 1868-ல், 45 வயதில், பக்கவாதம் தாக்கியது. இடது கையும் காலும் வழங்காமல் போயின. ஆனாலும் ஆராய்ச்சியை அவர் விடவில்லை.

மூளைக்கு ஏறும் நோய்

1880-ல் வெறிநாய்க் கடியை ஆராயத் தொடங்கினார்.

இந்த நோய்க்குக் காரணம் வைரஸ் கிருமி. அந்தக் காலத்து மைக்ராஸ்கோப்பிலும் அது தெரியாது. அவ்வளவு சிறியது! கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல ஏறி, மூளையை அடைகிறது. மூளையில் அழற்சி உண்டாகிறது. தண்ணீர் குடிக்கப் போனாலே தொண்டை இழுத்துக்கொள்ளும். அந்த நிலை வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

ஆனால், கிருமி மூளைக்குப் போய்ச் சேரப் பெரும்பாலும் பல வாரங்கள் ஆகும். அதற்குள் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி கொடுத்துவிட்டால்? இதுதான் பாஸ்டரின் யோசனை.

நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை எடுத்து உலர்த்தினார். உலர உலர, கிருமியின் வீரியம் குறைந்தது. அதைக் கொண்டு தடுப்பு மருந்து செய்தார். நாய்களுக்குப் போட்டுப் பார்த்தார். பலித்தது.

பிழைத்தான் பையன்!

1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனைத் தாய் அழைத்து வந்தாள். வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது.

பாஸ்டர் டாக்டர் அல்ல. மனிதனுக்கு மருந்து பலிக்குமா என்பதும் நிச்சயம் இல்லை. சும்மா இருந்தாலோ, பையன் சாகக்கூடும்!

துணிந்தார். கிராஞ்சே என்ற டாக்டர் ஊசி போட்டார். மொத்தம் 13 ஊசிகள். பையன் பிழைத்தான்!

1895-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி பாஸ்டர் காலமானார்.

குன்னூரில்

1907-ல் நம் குன்னூரில் பாஸ்டர் பெயரில் நிலையம் ஏற்பட்டது. கடிபட்டவர்கள் மலையேறிப் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

இன்று ராயக்கோட்டையில் நாய் கடித்தால் குன்னூருக்கு ஓட வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக ஊசி போடுகிறார்கள்.

கடித்த உடனே, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக்கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குட்டி நாய்தானே, சின்னக் கீறல்தானே என்று இருந்துவிடக் கூடாது. டாக்டர் சொன்ன தவணை எல்லாவற்றுக்கும் தவறாமல் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.