தீர்ப்புகளைத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்சீப்: யார் இந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை?

சங்கரன்கோவிலில் வரப்புத் தகராறுக்காகக் கோர்ட் படியேறும் ஒருவர், தன் வழக்கின் தீர்ப்பைத் தமிழிலேயே கேட்டு வாங்க இன்று சட்டத்தில் இடம் இருக்கு. கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு வழிசெய்த சட்டத் திருத்தம் வந்தது 1976-ல்தான். அதற்கு 100 வருஷத்துக்கு மேல் முன்னாடியே இந்தப் பிரச்னையைக் கையில் எடுத்தவர் வேதநாயகம் பிள்ளை.

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் அவர் சோறு தின்றது சட்டத்தில்.

1826-ல் திருச்சி பக்கம் குளத்தூரில் பிறந்தார். திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளர், பிறகு மொழிபெயர்ப்பாளர். 1857-ல் தரங்கம்பாடி முன்சீப். அப்புறம் மாயூரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை. அந்த ஊரே பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அப்போது சென்னை மாகாணத்தில் கம்பெனி காலத்து மேல்கோர்ட்டுக்கு சதர் கோர்ட் என்று பெயர். ஒரு சொத்து வழக்கில் அது சொன்ன தீர்ப்பு, அடுத்து வரும் அதே மாதிரி வழக்குகளுக்கு வழிகாட்டி. ஆனால் தீர்ப்புகள் இருந்தது இங்கிலீஷில். எந்த விதியை வைத்துத் தன் நிலம் போனது என்பதே, இங்கிலீஷ் தெரியாத வழக்காளிக்குத் தெரியாது.

1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட் தீர்ப்புகளைத் திரட்டி, தமிழில் தந்தார் வேதநாயகம். நூலின் பெயர் 'சித்தாந்த சங்கிரகம்', வெளியானது 1862. அதே வருஷம்தான் சதர் கோர்ட் போய், சென்னை உயர் நீதிமன்றம் வந்தது. கோர்ட்டே இல்லாமல் போனாலும், அந்த 56 வருஷத் தீர்ப்புகள் தமிழில் தங்கிவிட்டன.

அதோடு விடவில்லை. தமிழ் பேசும் ஊரில், தமிழ் தெரிந்த நீதிபதி முன்னால் வக்கீல்கள் ஏன் இங்கிலீஷில் வாதாடணும் என்று தன் நாவலிலும் ஒரு பிடி பிடித்தார். அந்த இடத்தில் கதை கொஞ்சம் நின்றுவிடுகிறது என்பதும் உண்மைதான்!

பெண் கல்விக்காகவும் எழுதினார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சொந்தக் காசில் கஞ்சித் தொட்டி வைத்தார். அதைப் பாராட்டி கோபாலகிருஷ்ண பாரதியாரே கீர்த்தனை பாடினார். 1889-ல் காலமானார்.

இப்போ நிலவரம் என்ன? சங்கரன்கோவில் வழக்கு அப்பீலாகி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால், மொழி மறுபடி இங்கிலீஷ். அங்கேயும் தமிழ் வேணும் என்று 2006-ல் சட்டப்பேரவை போட்ட தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை. உச்ச நீதிமன்றமோ 2019 முதல் தன் தீர்ப்புகளில் சிலவற்றைத் தமிழில் மொழிபெயர்த்து இணையத்தில் போடுகிறது. அவர் கையால் எழுதிய வேலைக்கு இப்போ கம்ப்யூட்டர் துணை இருக்கு.