இழிவு நோய் தீர்த்த எதிராசர்

1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த ஸ்ரீ ராமாநுஜரை உலகம் ஆசாரியர் எனப் போற்றுகிறது. இழிவென்னும் நோயால் வாடிய உள்ளங்களுக்கு அவர் வைத்தியருமாவார் என்போம் நாம்.

பிராமணரல்லாத திருக்கச்சி நம்பிகளைக் குருவாகப் பூஜித்தார். பதினெட்டு முறை நடந்து பெற்ற ரகசியத்தைத் திருக்கோட்டியூரில் யாவர்க்கும் வெளியிட்டார் என்பது குருபரம்பரை வரலாறு. காவேரியில் நீராடித் திரும்புகையில் உறங்காவில்லி தாசரின் கரம் பற்றி நடந்தார். நம்மாழ்வாரின் தமிழுக்குப் பிள்ளானைக் கொண்டு வியாக்கியானம் எழுதுவித்தார். மேல்கோட்டையில் தீண்டாதாரெனப்பட்டோருக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, ஆலயத்துள் வரச் செய்தார். இழிசொல் நீங்கித் திருநாமம் பெற்றவன் தலைநிமிர்வான், அதுவே மருந்து.

இன்று அவ்வூர் முதல் ஒரகடம் வரை ஆலைகளில் உழைக்கும் ஒடுக்கப்பட்ட குடிமக்களின் மனத்துயர் தீர்க்க முன்வருவோர் இதனை உணர்வாராக. நோயாளியின் குலத்தையும் பேச்சையும் குறையெனக் கருதும் வைத்தியம், வைத்தியமாகாது.