கோச்களை உருவாக்கின கோச்: ஹாரி பக்

அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் பத்தி ஹாஸ்டல்ல பேச்சு கிளம்பினா விடிஞ்சுதான் முடியும். யார் பெரிய கோச்? யுசிஎல்ஏ-வோட ஜான் வுடன்னு ஒரு கோஷ்டி: 1964-லிருந்து 1975 வரை 12 சீசன்ல 10 சாம்பியன்ஷிப். இல்ல, டியூக்கின் மைக் ஷஷெஃப்ஸ்கிதான்னு இன்னொரு கோஷ்டி: ஆயிரத்துக்கும் மேல வெற்றி. ரெண்டு பேர் கையிலயும் இருக்கிறது ஒரே அளவுகோல்தான். எத்தனை மேட்ச், எத்தனை கோப்பை.

அந்த அளவுகோல்ல பார்த்தா, 1891-ல இந்த விளையாட்டையே கண்டுபிடிச்ச ஜேம்ஸ் நைஸ்மித் பாஸ் ஆகவே மாட்டார். கன்சாஸ் பல்கலைக்கழகத்துல கோச்சா இருந்தப்போ ஜெயிச்சது 55, தோத்தது 60. ஆனா அவர்கிட்ட ஆடின ஃபாக் ஆலன் பெரிய கோச் ஆனார். ஆலன்கிட்ட ஆடின அடால்ஃப் ரப்பும் டீன் ஸ்மித்தும் அதுக்கும் மேல போனாங்க. கோப்பையை விட்டுட்டு, ஒருத்தர் எத்தனை பேரைக் கற்றுக்கொடுக்கிற ஆளா மாத்தினார்னு எண்ணினா லிஸ்ட்டே மாறிடும். அப்படி எண்ணினா நான் சொல்ற பேர் ஹாரி குரோ பக். நெம்மேலியிலிருந்து ஈசிஆர்ல வடக்க போனா, ஒன்றரை மணி நேரத்துல அவர் கட்டின கல்லூரி வாசல்ல நிக்கலாம்.

பக் 1884-ல அமெரிக்காவின் பென்சில்வேனியாவுல பிறந்தவர். நைஸ்மித் பழக்கூடையைத் தொங்கவிட்ட அதே ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ கல்லூரியில, நைஸ்மித் அங்கிருந்து போனதுக்கு அப்புறம் படிச்சார். 1919-ல மெட்ராஸ் வந்தார்.

அப்போ பள்ளிக்கூடத்துல விளையாட்டுன்னா டிரில். வரிசையா நில்லு, கையைத் தூக்கு, இறக்கு. சொல்லித்தர வந்தவங்கள்ல பலர் பட்டாளத்துல இருந்து ஓய்வு பெற்றவங்க. அதட்டத் தெரியும், வளர்ற பையனோட உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு யாரும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்ல. பக் நினைச்சிருந்தா நல்ல டீம் ஒண்ணைத் தயார் பண்ணி, நாலு கோப்பை வாங்கிட்டு ஊருக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். அவர் ஆரம்பிச்சது வாத்தியார்களுக்கான பள்ளி. 1920-ல விரல்விட்டு எண்ணுற அளவு மாணவர்களோட தொடங்கினது அது. பின்னாடி அடையாறு ஆற்றுப் பக்கம், சைதாப்பேட்டைக்கு இடம் மாறிச்சு. இன்னைக்கு நந்தனத்துல இருக்கிற ஒய்எம்சிஏ உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். ஆசியாவுலேயே இந்த வகையில முதல் கல்லூரின்னு அதைச் சொல்றாங்க.

நம்ம பாஷையில சொன்னா இது ரிகர்ஷன். ஒரு கோச் பன்னிரண்டு ஆட்டக்காரரை உருவாக்கினா கணக்கு பன்னிரண்டோட நிக்கும். பக் அனுப்பின ஒவ்வொருத்தரும் ஒரு பள்ளிக்கோ காலேஜுக்கோ போய், வருஷா வருஷம் புது கும்பலுக்குச் சொல்லித்தந்தாங்க. நம்ம ஸ்கூல் பி.டி. மாஸ்டரோட குருவுக்குக் குருன்னு பின்னாடி போய்க்கிட்டே இருந்தா, பாதிப் பேருக்காவது கோடு சைதாப்பேட்டையில போய் முட்டும்னு நினைக்கிறேன். (அந்த பி.டி. பீரியடை மேத்ஸ் மிஸ் கடன் வாங்கிட்டுப் போனதும், அது திரும்பி வராததும் வேற கதை.)

வெள்ளைக்காரர் வந்துதான் நமக்கு ஓடவும் குதிக்கவும் சொல்லிக்கொடுத்தாரான்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. சிலம்பமும் சடுகுடுவும் குஸ்தியும் அவர் பிறக்கிறதுக்கு முன்னாடியே இங்க இருந்தவை. ஆனா பக் அதையெல்லாம் ஓரங்கட்டலை. தண்டால், பஸ்கி, யோகாசனம், நாட்டு விளையாட்டு எல்லாத்தையும் பாஸ்கெட்பால், வாலிபால் பக்கத்துலயே உட்கார வெச்சார். கல்லூரி நடத்தின பத்திரிகைக்குப் பேரே 'வியாயாம்'. மத நிறுவனத்துல இருந்து வந்தவர், ஆட்சியும் அவங்க பக்கம். மேல்நாட்டு முறை மட்டும் போதும்னு அவர் சொல்லியிருந்தா யாரும் தடுத்திருக்க மாட்டாங்க. அதனாலேயே எனக்கு இது பெருசா தெரியுது.

1924-ல டெல்லியில தேர்வுப் போட்டி வெச்சு, பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய தடகள அணியை அனுப்பினாங்க. கூடப் போன மேனேஜர் பக். நீளம் தாண்டுற தலிப் சிங், தடை தாண்டி ஓடுற நம்ம மெட்ராஸ் மாகாணத்து சி.கே.லட்சுமணன்னு சின்ன அணி. தடகளத்துல ஒரு பதக்கம்கூட வரலை. கோப்பைக் கணக்குப்படி அந்தப் பயணத்துக்கு மார்க் பூஜ்யம். ஆனா பக்கும், ஒய்எம்சிஏ-வுல அவரோட வேலை பார்த்த டாக்டர் நோரனும் ஊர் ஊராப் போய் மாகாண அளவுல ஒலிம்பிக் அமைப்புகளைத் தொடங்க வெச்சாங்க. 1927-ல இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாச்சு. தோராப்ஜி டாட்டா தலைவர், நோரன் செயலாளர். பக் பேர் அந்த வரியில வராது.

பாஸ்கெட்பால் அவருக்கு முன்னாடியே இந்தியாவுக்கு வந்தாச்சு. நைஸ்மித்தோட முதல் ஆட்டத்துல ஆடின 18 பேர்ல ஒருத்தரான டங்கன் பாட்டன் 1894-லேயே கொண்டு வந்ததா சொல்வாங்க. ஆனா ஊருக்கு ஊர் கோர்ட் போடவும், விசில் ஊதவும், ரூல் சொல்லவும் ஆள் வேணுமே? அந்த ஆட்களைத் தயார் பண்ணது சைதாப்பேட்டை மாதிரி இடங்கள்தான். 1934-ல ஆண்களுக்கான முதல் தேசிய சாம்பியன்ஷிப் டெல்லியில நடந்தப்போ, பக்கோட பள்ளிக்கு வயசு 14.

அவர் ஊர் திரும்பலை. 1943-ல இறக்கிற வரைக்கும், 24 வருஷம், வேலை இங்கதான். மேட்ச் கணக்குல அவர் பேருக்கு நேரா எழுத ஒரு நம்பர்கூட இல்ல. ஆனா என் லிஸ்ட்ல வுடனுக்கு மேலதான் வைப்பேன். வுடன் கோஷ்டி சண்டைக்கு வரலாம், ராத்திரி மெஸ் முடிஞ்சதும் மொட்டை மாடியில இருப்பேன்.