பிரேமதாசவின் வாக்குறுதியும் வாவிக்கரையும்

இந்தியப் படை மட்டக்களப்பை விட்டுப் போனபோது நான் அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். படுவான்கரையிலிருந்து மண்முனைத்துறைப் பாதையில் வந்திறங்கிய அம்மா, சென்றி வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்துச் சந்தோசப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் நின்றாராம்.

அந்தப் படையைப் போகச் சொன்னவர் ரணசிங்க பிரேமதாச. 1924இல் கொழும்பு வாழைத்தோட்டத்தில் பிறந்தவர். மேட்டுக்குடிப் பின்னணி எதுவுமில்லாமல் மாநகரசபை, நாடாளுமன்றம் என்று ஏறி 1978இல் பிரதமரானார். வீடமைப்பு என்றால் இன்றும் சனம் அவரைத்தான் சொல்லும்.

1987 ஜூலை 29 இலங்கை - இந்திய ஒப்பந்தக் கைச்சாத்துக்கு அவர் போகவில்லை. இந்திய எதிர்ப்பை வைத்தே ஜே.வி.பி. தெற்கில் வளர்ந்துகொண்டிருந்தது. 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் எதிர்த்து நின்ற சிறிமாவும் இந்தியப் படைக்கு எதிராகவே பேசினார். அந்தச் சுலோகத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு பிரேமதாச வென்றிருக்க முடியாது. பெற்றது 50.43 வீதம் மட்டுமே.

1989 ஜூன் 1இல், ஜூலை 29க்குள் வெளியேறுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். ராஜீவ் காந்திக்கும் அந்த வருடம் தேர்தல். ஏறத்தாழ 1,200 சிப்பாய்களைப் பறிகொடுத்த போரிலிருந்து, துரத்தப்பட்டவராகத் திரும்ப அவரால் முடியாது. இழுபட்டு, செப்டம்பரில் இணக்கம் வந்தது. நவம்பரில் ராஜீவ் தோற்றார். வி.பி. சிங் காலத்தில், 1990 மார்ச் 24இல், கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது.

இந்தியப் படை இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் சுற்றிவளைப்புகளை எங்கள் ஊர் மறக்காது. ஆனால் அதற்குப் பிறகு என்ன என்பதற்கு இரு தலைநகரங்களிலும் பதில் இருக்கவில்லை. படை போகுமுன்பே தமிழ்த் தேசிய இராணுவத்துக்கென்று பொடியன்களைப் பிடித்தார்கள். அம்மம்மா மாமாவை வைக்கோல் போருக்குள் ஒளித்து, சோற்றை மாட்டுக்குக் கொண்டுபோவதுபோல வாளியில் கொண்டுபோனார்.

இந்தியாவை அகற்ற பிரேமதாச புலிகளோடு பேசினார், ஆயுதமும் கொடுத்தார். 1990 ஜூன் 11இல் அந்த உறவு முறிந்தது. கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். செப்டம்பரில் வந்தாறுமூலை முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 பேர், சத்துருக்கொண்டானில் 184 பேர். எல்லாம் இந்த வாவியைச் சுற்றி, ஆறு மாதத்துக்குள்.

1993 மே 1 ஊர்வலத்தில் புலிகளின் குண்டுதாரி பிரேமதாசவைக் கொன்றார்.

2019இல் அவரது மகன் சஜித் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது, மட்டக்களப்பு மாவட்டம் அவருக்கு 78 வீதத்துக்கு மேல் வாக்களித்தது. அம்மாவும் போட்டார். ஏன் என்று கேட்டேன். மற்றவர் யார் என்று திருப்பிக் கேட்டார்.